இல்லை என்னும் சொல்

"கடவுள் உலகைப் படைப்பதற்கு முன்பு என்ன இருந்தது?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "ஒன்றும் இல்லை என்று சொல்லலாம், ஆனால் அப்படிச் சொல்வதற்கு என்ன பொருள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஜாதகம் பற்றிக் கேள்வி அனுப்பியவர்கள் (எப்போதும்போல் அவர்களே பெரும்பான்மை) பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, சென்ற இதழில் தாங்கள் நழுவிவிட்டீர்கள். ஒன்றும் இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்பதைச் சிறு பிள்ளையும் ஒப்புக்கொள்ளும். உலகம் தோன்றியிருக்கிறது. ஆகவே அதைத் தோற்றுவித்த ஒருவர் இருந்தே தீர வேண்டும். இந்த வாதத்தில் என்ன குறை காண்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: நழுவினேன் என்பது சரியான குற்றச்சாட்டுத்தான். இந்த முறை நின்று பதில் சொல்கிறேன்.

உங்கள் வாதத்தின் முதல் படி, இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் மிகப் பழைய கொள்கை. சற்காரிய வாதம் என்று அதற்குப் பெயர். எள்ளை ஆட்டினால் எண்ணெய் வரும், மணலை எத்தனை நாள் செக்கில் இட்டாலும் வராது. ஆகவே காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் ஏதோ ஒரு வகையில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் இந்தக் கொள்கையை மிகுந்த பிடிவாதத்தோடு பற்றிக்கொண்ட சாங்கியர்கள் என்னும் பழைய தத்துவ மரபினர் சென்று சேர்ந்த இடம் கடவுள் அன்று. இல்லாததிலிருந்து உலகம் வர முடியாதாகையால், உலகுக்கு மூலப்பொருளான பிரகிருதி என்றென்றும் உள்ளது என்று முடித்தார்கள். அவர்களுடைய அடிப்படை நூலான சாங்கிய காரிகை ஈசுவரனைத் தேடவே இல்லை. சைவ சித்தாந்தம் இதே கொள்கையோடு கடவுளிடம் சென்றது உண்மை. ஆயினும் அது சென்ற வழி வேறு. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி (சக்கரம்) துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது போல, உலகுக்கு மாயை மண்ணாகவும் இறைவன் குயவனாகவும் அமைகிறார்கள். மாயையும் உயிர்களும் இறைவனைப் போலவே தொடக்கம் அற்றவை. அறிவில்லாத மண் தானாகக் குடம் ஆகாது என்பதற்காக அங்கே இறைவன் வேண்டப்படுகிறானே தவிர, இல்லாமையிலிருந்து எதையாவது வரவழைப்பதற்காக அல்ல. ஆக, உங்கள் முதல் படி, நம் மரபில், படைப்பை நிறுவுவதைவிட ‘ஒன்றும் இல்லாத நிலை’ என்று ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை என்பதைத்தான் நிறுவப் பயன்பட்டிருக்கிறது.

இரண்டாம் படியான ‘உலகம் தோன்றியிருக்கிறது’ என்பதும் நாம் நினைப்பதுபோல் கேள்விக்கு அப்பாற்பட்டது அன்று. குடம் தோன்றுவதைக் கண்டிருக்கிறோம், மரம் முளைப்பதைக் கண்டிருக்கிறோம்; உலகத் தொகுதி முழுவதும் ஒரு நாள் தோன்றியதை யாரும் கண்டதில்லை. வேதத்தின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று வாதாடிய மீமாம்சகர்களே, உலகம் இப்போது இருப்பது போன்று இல்லாதிருந்த காலம் எதுவும் இல்லை என்று சொல்லி, படைப்பையும் படைத்தவனையும் சேர்த்தே மறுத்தார்கள். வேதத்தை ஏற்பவர் எல்லாரும் படைத்தவனையும் ஏற்றவர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, ‘ஒன்றும் இல்லை’ என்பதற்கு வருகிறேன். கடவுள் ஒருவர் இருந்தார், வேறு ஒன்றும் இல்லை என்றால், அது ஒன்றும் இல்லாத நிலை அன்று. கடவுள் இருந்த நிலை. கடவுளும் இல்லை என்றால், அங்கிருந்து படைப்புக்கு வழி இல்லை. எப்படிப் பார்த்தாலும் உங்கள் வாதத்தில் ‘ஒன்றும் இல்லாமை’ என்பதற்குச் செய்யும் வேலை எதுவும் கிடையாது. அது மேடையில் நிற்கிறது, வசனம் மட்டும் இல்லை.

இதற்குக் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தமிழில் ‘அல்ல’ என்றும் ‘இல்லை’ என்றும் இரண்டு மறுப்புகள் உள்ளன. ‘இது குடம் அல்ல’ என்றால் ஒன்று மற்றொன்றாக இருப்பதை மறுக்கிறோம். ‘திண்ணையில் குடம் இல்லை’ என்றால் ஓரிடத்தில் ஒன்று இருப்பதை மறுக்கிறோம். பல மொழிகளில் ஒரே சொல்லுக்குள் கலந்துகிடக்கும் இந்த இரண்டையும் தருக்க நூலார் மிகுந்த உழைப்போடு பிரித்து வைத்தார்கள். முதலாவதற்கு ஒன்றினொன்றபாவம் என்று பெயர். இரண்டாவதை மூன்றாகப் பகுத்து, வனைவதற்கு முன் குடம் இல்லாதது முன்னபாவம், உடைந்தபின் இல்லாதது அழிவுபாட்டபாவம், காற்றில் நிறம் ஒருபோதும் இல்லாதது என்றுமபாவம் என்றார்கள். இவற்றில் எதை எடுத்தாலும் இரண்டு பொருள்களை நாம் சொல்லியாக வேண்டும்: எது இல்லை, எங்கே இல்லை. குடமும் திண்ணையும் இல்லாமல் ‘திண்ணையில் குடம் இல்லை’ என்ற வாக்கியம் அமையாது. எல்லாம் இல்லை என்றால், எங்கே இல்லை? திண்ணையையும் எடுத்துவிட்ட பிறகு இல்லாமை எதன்மேல் அமரும்?

1714-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், "ஒன்றும் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது?" என்று கேட்டு, இல்லாமையே எளியது என்றும், இருப்புக்குத்தான் காரணம் காட்ட வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் தூங்கிவிடும் மனம் எனக்கும் இல்லை. ஆனால் ‘இல்லாமை எளியது’ என்பதை யார் அளந்து பார்த்தார்கள்? இருப்பவற்றுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, கடைசியில் கதவையும் சாத்திவிட்டதாகக் கற்பனை செய்கிறோம். சாத்தியவர் வாசலில் நிற்பதை மறந்துவிடுகிறோம்.

இதனால் கடவுள் இல்லை என்று நான் சொன்னதாக அடுத்த கடிதம் எழுதிவிட வேண்டாம். இந்த வாதம் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பது மட்டுமே என் பதில்.

கேள்வி: வெற்றிடத்திலிருந்தே பிரபஞ்சம் தோன்ற முடியும் என்று இயற்பியல் காட்டிவிட்டதே, இனிக் கடவுளுக்கு என்ன வேலை?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தம்பி, இயற்பியலார் வெற்றிடம் என்று சொல்வதும் மேலே ஆசிரியர் ஐயா கேட்ட ‘ஒன்றும் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. குவாண்டம் வெற்றிடத்தில் புலங்கள் உண்டு, ஏற்ற இறக்கங்கள் உண்டு. மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் டச்சு இயற்பியலார் காசிமிர் கணித்தார். 1997-இல் அது நுட்பமாக அளக்கப்பட்டது. தகட்டை அசைக்கிற ஒன்றை இல்லாமை என்று எப்படிச் சொல்வது? 1982-இல் இயற்பியலார் அலெக்சாண்டர் விலென்கின், வெளியும் காலமும்கூட இல்லாத நிலையிலிருந்து குவாண்டம் முறையில் பிரபஞ்சம் ஊடுருவி வெளிப்பட முடியும் என்று ஒரு கணக்கை முன்வைத்தார். அது துணிச்சலான கணக்கு. ஆனால் அங்கும் அந்தக் குவாண்டம் விதிகள் இருக்கின்றன. பொருள் எதுவும் இல்லாதபோது விதி எதன்மேல் ஆட்சி செய்தது என்பது இயற்பியல் வகுப்பில் முடியாத கேள்வி. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரபஞ்சம் எப்படி இருந்தது என்பதை அறிவியல் வியக்கத்தக்க நுட்பத்தோடு சொல்கிறது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கடவுளுக்கு வேலை இருக்கிறதா என்பதை அந்தக் கணக்கு ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன்பு எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முழு மயக்கம் கொடுத்தார்கள். பத்திலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை நினைவு இருக்கிறது. அடுத்த கணம் ‘முடிந்துவிட்டது’ என்று செவிலியர் எழுப்பினார். நடுவில் மூன்று மணி நேரம் போயிருக்கிறது. தூக்கம் போலக்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. மரணம் என்பது இதுதானா? அன்றிலிருந்து பயம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த நினைவு விட்டுப் போகவில்லை.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, இந்தக் குவியலில் என்னை அதிக நேரம் உட்கார வைத்த கடிதம் உங்களுடையது. முதலில் நலமாகத் தேறிவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்பதை நம் முன்னோர் ஆழ்ந்த உறக்கத்தை வைத்துக் கேட்டார்கள். கனவும் இல்லாமல் உறங்கி எழுந்தவர் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார். அத்வைதிகள் இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் தெரியவில்லை என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? முன்பு அனுபவித்ததைத்தானே நினைவுகூர முடியும். ஆகவே அறியாமையையும் ஒளிரச் செய்துகொண்டு ஒரு சாட்சி உறக்கத்திலும் விழித்திருந்தது என்றார்கள். நியாயம் என்னும் தருக்க மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை ஒப்பவில்லை. அது நினைவு அன்று, அனுமானம். விழித்தவுடன் உடல் இலேசாக இருப்பதையும் இடையில் நடந்த எதுவும் மனத்தில் இல்லாததையும் கண்டு, ‘நான் ஒன்றும் அறியாமல் உறங்கியிருக்கிறேன்’ என்று இவர் ஊகித்துக்கொள்கிறார் என்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழக்கு இது.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நான் நையாயிகர் பக்கம் சாய்கிறேன். ‘மூன்று மணி நேரம்’ என்பதை நீங்கள் அனுபவித்து அறியவில்லை. சுவர்க் கடிகாரமும் செவிலியரும் சொல்லி அறிந்தீர்கள். ‘ஒன்றுமே இல்லை’ என்பதும் அப்படித்தான். ஏழு என்ற எண்ணும் செவிலியரின் குரலும் உங்கள் அனுபவத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இடையில் ஓர் இருட்டறை இல்லை. அந்த இருட்டறையை நீங்கள் பிறகு கட்டினீர்கள், கட்டிய பிறகுதான் அது உங்களை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. நினைவில் இல்லை என்பதிலிருந்து நிகழவில்லை என்று முடிவு கட்டலாமா? மயக்கவியல் ஆராய்ச்சியில் ஒரு முறை உண்டு. தசைகளைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்துவதற்கு முன்பு ஒரு முன்னங்கைக்கு மட்டும் அது போகாதபடி இறுக்கமாகப் பட்டை கட்டிவிடுவார்கள். பிறகு மயக்கத்தில் இருப்பவரிடம் ‘நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள்’ என்பார்கள். சிலர் அழுத்துகிறார்கள், விழித்தபின் கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் ‘ஒன்றுமே இல்லை’ என்கிறார்கள். உங்களைக் கலவரப்படுத்த இதைச் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் அழுத்துவதில்லை. அனுபவத்தின் இல்லாமையும் நினைவின் இல்லாமையும் விழித்தபின் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும் என்பதற்காகச் சொன்னேன். எனவே அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி உங்கள் நினைவு தரும் சாட்சியம் முழுமையானது அன்று.

மரணம் இதுதானா என்று கேட்டீர்கள். மயக்கத்தின் ஒரு கரையில் ஏழும் மறுகரையில் செவிலியரும் இருந்தார்கள். அதனால்தான் அதை ஓர் இடைவெளி என்று உங்களால் சொல்ல முடிகிறது. மறுகரை இல்லாதபோது அதை இடைவெளி என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். மறுகரை உண்டு என்று சொல்லும் சமயங்கள் உண்டு. என்னால் அதற்குச் சான்று தர இயலாது. ஆனால் நீங்கள் அனுபவித்த எதையும் வைத்து மரணத்தைக் கற்பனை செய்ய முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நீங்கள் அஞ்சும் அந்த இருட்டு, விழித்திருப்பவர்களுக்குத் தெரியும் இருட்டு.

கேள்வி: உணர்வு என்பது மூளையில் நடக்கும் வேதியியல், அதற்கு மேல் ஆன்மா எதற்கு?
— அரசு ஊழியர், சேலம்

பதில்: உங்கள் வாதத்தைத் தமிழில் முதலில் எழுதியவர் சாத்தனாராக இருக்கலாம். மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்துப் பூதவாதி (நிலம், நீர் முதலிய பூதங்களைத் தவிர வேறில்லை என்பவன்), ஆத்திப்பூவையும் கருப்புக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் அவற்றில் தனித்தனியே இல்லாத கள்ளின் களிப்பு பிறப்பது போல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்றும், கூட்டம் பிரிந்தால் பறையின் ஓசைபோல் அது அடங்கிவிடும் என்றும் சொல்கிறான். இன்றைய நரம்பியலார் பலரும் ஏறக்குறைய இதையே, இன்னும் நிறையத் தரவுகளோடு சொல்கிறார்கள். காட்சி ஒன்றே பிரமாணம், அதாவது நேரில் காண்பது மட்டுமே சான்று, என்ற அவனைப் பார்த்து மணிமேகலை நகைத்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய் என்று கேட்பது சுவையான இடம். ஆனால் அந்த மறுமொழி அவனுடைய கள் உவமையைத் தொடவில்லை.

சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் தொடுகிறார். சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடம்பு முதலியவற்றை ஒவ்வொன்றாக ‘இது அன்று, இது அன்று’ என்று தள்ளிக்கொண்டே வருபவனிடம், அப்படித் தள்ளுகின்ற அறிவு ஒன்று உளதல்லவா என்று கேட்கிறது. 1641-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்து ஐயத்திலிருந்து தொடங்கி, ஐயப்படுகிற நான் இருக்கிறேன் என்று வந்து சேர்ந்த இடத்துக்கு இது பக்கத்து வீடு. ஆனால் தள்ளுகின்ற ஒன்று உண்டு என்பது வேறு. அது உடம்பு அல்ல என்பது வேறு. முதலாவது எனக்கு அசைக்க முடியாததாகத் தோன்றுகிறது, இரண்டாவது அப்படித் தோன்றவில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கள்ளின் களிப்பு எப்படி வருகிறது என்பதை எத்தனால் மூலக்கூற்றிலிருந்து படிப்படியாக விளக்கிவிடலாம். மூளைச் செல்கள் மின்துடிப்பு விடுவதிலிருந்து, பல்வலி வலிப்பது வரை அப்படி ஒரு படிக்கட்டு இன்னும் கட்டப்படவில்லை. 25 ஆண்டுகளுக்குள் உணர்வுக்குரிய நரம்பு அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் 1998-இல் பந்தயம் கட்டினார். 2023-இல் நியூயார்க்கில், மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப் புட்டிகளைக் கொடுத்தார். பூதவாதியின் உவமைக்குப் பொருத்தமான பரிசுதான். பந்தயத்தில் தோற்றதனால் ஆன்மா நிறுவப்பட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சூனியவாதிகள் எல்லாமே இல்லை என்றவர்கள்தானே? அவர்களோடு ஏன் வாதிட வேண்டும்?
— வாசகர், காஞ்சிபுரம்

பதில்: இல்லை என்றவர்கள் அல்லர். எதுவும் பிறவற்றைச் சாராமல் தன்னியல்பாகத் தானே நிற்பதில்லை என்பதற்கு பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் இட்ட பெயர் சூனியம். சார்ந்து தோன்றுவதையே சூனியம் என்கிறோம் என்று அவரே எழுதியிருக்கிறார். வைணவ உரையாளர்கள், நம்மாழ்வாருடைய திருவாய்மொழியின் முதல் பதிகத்து ஒன்பதாம் பாசுரமான ‘உளன் எனில் உளன்’ என்பதைச் சூனியவாதிக்கு மறுப்பாகக் காண்கிறார்கள். உளன் என்றாலும் இலன் என்றாலும் இரண்டும் ஒன்றைப் பற்றிய தன்மைகள்தாம். தன்மை இருந்தால் தன்மை உடையவன் உண்டு என்பது ஆழ்வாரின் பிடி. பாசுரம் அற்புதமானது. நாகார்ச்சுனர் நேரில் இருந்திருந்தால், ‘நான் இலன் என்று சொல்லவே இல்லையே’ என்றிருப்பார்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கடவுள் இருப்பதைத் தருக்கத்தால் நிறுவ முடியுமா, முடியாதா?
— வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. இதற்கு நான் துணைக்கு அழைப்பவர் நாத்திகர் அல்லர், இராமானுசர். குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பதுபோல் உலகைக் கண்டு ஈசுவரனை ஊகிக்கலாம் என்று நியாய நூலார், குறிப்பாக 10-ஆம் நூற்றாண்டின் உதயணர், விரிவாக வாதிட்டிருந்தார்கள். இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை எழுதும்போது அந்த வாதத்தைப் பிரித்துப் போட்டுவிடுகிறார். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டன என்று எப்படிச் சொல்ல முடியும்? பலர், பல காலங்களில் செய்திருக்கலாமே? நாம் கண்ட செய்பவர் அனைவருக்கும் உடம்பு இருக்கிறதே? என்று அடுக்கிக்கொண்டு போகிறார். ஒரு கப்பலைப் பலர் கூடிக் கட்டுவதுபோல் உலகையும் பல தெய்வங்கள் கூடிக் கட்டியிருக்கலாமே என்று ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் கேட்டது, அவர் இறந்த பிறகு 1779-இல்தான் அச்சில் வந்தது. ஹ்யூம் ஐயத்தோடு நின்றார். இராமானுசரோ, ஊகத்தின் வழி அடைபட்டதால் சாத்திரத்தின் வழி மட்டுமே திறந்திருக்கிறது என்று காட்டுவதற்காகவே இதைச் செய்தார். ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: சரி, கடவுள் இல்லை என்றாவது நிறுவ முடியுமா?
— அதே வாசகர், அதே அஞ்சலட்டையின் பின்பக்கத்தில்

பதில்: மேசைமேல் குடம் இல்லை என்பதைக் கண்ணால் அறிகிறோம். ஏனெனில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இருந்தாலும் தெரியாத ஒன்றைக் குறித்து, தெரியவில்லை ஆகவே இல்லை என்று சொல்ல முடியாது என்பது நியாய நூலாரின் விதி. அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு பிசாசு. இருட்டில் ஒரு தூணைக் கண்டு அஞ்சியவன் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்க்கிறான். ‘இந்தத் தூண் பிசாசு அல்ல’ என்பதை அவன் கண்ணாலேயே அறிந்துகொள்ளலாம். தூண் கண்ணுக்குத் தெரிகிற பொருள். ‘இந்தத் தூணில் பிசாசு இல்லை’ என்பதை எத்தனை விளக்கு ஏற்றினாலும் கண்ணால் அறிய முடியாது; பிசாசு கண்ணுக்குத் தெரியாத பொருள். முன்பு சொன்ன ‘அல்ல’வும் ‘இல்லை’யும் இங்கே மறுபடி பிரிகின்றன. நம்மைச் சுற்றியுள்ள எத்தனையோ தூண்களைக் காட்டி ‘இது கடவுள் அல்ல’ என்று சொல்லிவிடலாம். அதை நாள்தோறும் செய்யும் துணிவு வேண்டும் என்பது என் கட்சி. இரண்டாவது வாக்கியத்தை எழுதத் தேவையான விளக்கு என்னிடம் இல்லை. அஞ்சலட்டையில் இடம் தீர்ந்துபோனதால் நீங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி என்ன என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.